சீதா சொல்லிக்கொடுத்த கடல்

சீதாவுக்கு அமெரிக்கா கிடையாது என்று வேதாந்தம் தீர்ப்புச் சொன்னபோது அவள் இடுப்பில் தண்ணீர்க் குடம் இருந்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அடிபம்பில் வரிசை நின்று, அடித்து, மாடி ஏறி வருவது வீட்டில் சீதாவின் வேலை. மூச்சிரைக்க ஹாலுக்குள் நுழைந்தவளிடம், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே அப்பா சொன்னார்.

"ஜாதகம் எடுத்தாச்சு. நங்கநல்லூர்லேர்ந்து ஒரு இடம் வந்திருக்கு. அந்தப் பரீட்சைப் புஸ்தகத்தையெல்லாம் இனிமே மூடி வை."

"ஒரு வருஷமாப் படிச்சிண்டிருக்கேன்ப்பா."

"அதனால என்ன? படிப்பு வீணாப் போகாது. கிச்சாவுக்குச் சொல்லிக்குடு. அவனுக்குக் கணக்கு வரும், இங்கிலீஷ்தான் தகராறு. உனக்குத்தான் எல்லா வார்த்தையும் தெரியுமே."

கடைசி வாக்கியத்தை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். மத்திய அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டென்ட். அவர் எழுதும் ஆங்கிலக் கடிதத்தில் மேலதிகாரி ஒரு கமாவைக்கூட மாற்றமாட்டார் என்பது அவருடைய பெருமை. அந்த ஆங்கிலம் பிள்ளைக்கு வராமல் பெண்ணுக்கு வந்துவிட்டதை அவர் பெருமாள் செய்த சின்னக் கவனக்குறைவாக எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது அதைச் சரிசெய்ய ஒரு வழி கிடைத்துவிட்டது.

சீதா குடத்தை அடுக்களையில் இறக்கி வைத்தாள். அம்மா கோமளம் புடவைத் தலைப்பால் குடத்தின் அடியைத் துடைத்தாள். பெண்ணையும் அமெரிக்கா அனுப்பலாம் என்று அவரிடம் மன்றாடிப் பார்த்தவள் அவள்.

கிச்சா அவளைவிட ஒரு வயது சின்னவன். அக்கா என்று கூப்பிட்டதே கிடையாது, சீதுதான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு ஜி.ஆர்.இ. எழுதவேண்டும். அதில் கணக்கு அவனுக்கு விளையாட்டு. ஆனால் யாரும் பேசாத, எந்தப் பேப்பரிலும் வராத ஆங்கில வார்த்தைகளுக்குப் பொருளும் எதிர்ப்பொருளும் கேட்பார்கள். சீதா எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டே, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே, அடுக்களையில் அம்மா பக்கத்தில் உரக்கச் சொன்னபடியே, அந்த வார்த்தைகளையெல்லாம் மென்று விழுங்கியிருந்தாள். பரீட்சைக்காக ஆரம்பித்தது, பிறகு ருசிக்காக என்று ஆகிவிட்டது. ஒன்றைப்போலவே இருக்கும் இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே மயிரிழை வித்தியாசம் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்போது அவளுக்கு உள்ளே ஏதோ ஜில்லென்று இறங்கும். அந்தச் சுகத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியாக அந்த வீட்டில் யாரும் கேட்டதும் இல்லை.

"ஆத்துல உட்கார்ந்தா எனக்குத் தூக்கம் வரும்" என்றான் கிச்சா. "எலியட்ஸ் பீச்சுக்குப் போயிடலாம். காத்தாவது வரும்."

அவன் நண்பர்கள் அங்கே கூடுவார்கள் என்பதுதான் நிஜக் காரணம். அவர்கள் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் சீதாவுக்கு. தினமும் சாயங்காலம் அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அடையாறு பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, பெசன்ட் நகரில் இருந்த அந்தக் கடற்கரைக்குப் போனாள். வார்த்தைகளை அவள் கூட்டம் கூட்டமாகப் பிரித்திருந்தாள். கோபத்துக்கு ஒரு வாரம், கஞ்சத்தனத்துக்கு ஒரு வாரம். அப்படித்தான் தண்ணீரும் கடலும் வந்தன.

"பீச், ஷோர், கோஸ்ட், பாங்க். நாலும் கரைதான். ஆனா நாலும் ஒண்ணு இல்லே. பீச்னா இதோ, நாம உட்கார்ந்திண்டிருக்கற மணல். ஷோர்னா தண்ணியும் தரையும் தொட்டுக்கற விளிம்பு. கோஸ்ட்னா மேப்புல பாக்கறது, கன்யாகுமரியிலேர்ந்து கல்கத்தா வரைக்கும். பாங்க் இருக்கே, அது ஆத்துக்கு."

"எந்த ஆத்துக்கு? நம்மாத்துக்கா?"

"கடிக்காதேடா. நதிக்கு."

"சரி, சரி. மேலே சொல்லு."

"மரீன்னா கடலுக்குள்ள இருக்கறது. மீன், பாசி. மாரிடைம்னா கடலை வெச்சு மனுஷா பண்றது. வியாபாரம், சட்டம். நாட்டிகல்னா கப்பல் ஓட்டற வித்தை. நேவல்னா சண்டைக் கப்பல்."

"நேவல்னா தொப்புள்னு நெனச்சேன்."

சீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சோளம் சுட்டு விற்கிறவள் விசிறியை நிறுத்திவிட்டு, "இன்னா பாப்பா, டெய்லி பாடமா? தம்பிக்கு மண்டைல ஏறுதா இல்லியா?" என்றாள். அந்த ஒரு மணி நேரத்தில், தான் எதற்காக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பதுகூடச் சீதாவுக்குச் சில சமயம் மறந்துபோகும். வார்த்தைகள் இருந்தன, காற்று இருந்தது, கேட்க ஒரு ஆள் இருந்தான். போதும் என்றிருக்கும்.

தண்ணீர் வாரத்தின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஃப்ளாட்சம், ஜெட்சம் என்ற ஜோடிக்கு வந்தார்கள்.

"ரெண்டும் கடல்ல மிதக்கற சாமான்தான். கப்பல் உடைஞ்சு, அதுலேர்ந்து தானா மிதந்து வந்தா ஃப்ளாட்சம். ஜெட்சம் அப்படி இல்லே. கப்பல் முழுகிடும்போல இருக்கு, பாரத்தைக் குறைக்கணும்னு கப்பல்ல இருக்கறவாளே தூக்கிக் கடல்ல போடுவா பாரு, அது."

பத்துத் தடவை சொன்னால்தான் ஒரு வார்த்தை ஏறும் கிச்சாவுக்கு இது ஒரே தடவையில் ஏறிவிட்டது. முகம் மலர்ந்து தொடையில் தட்டினான்.

"அப்ப நீதான் ஜெட்சம்!"

சீதா அவனைப் பார்த்தாள்.

"இல்லே சீது, யோசிச்சுப் பாரேன். நான் கரை ஏறணும்னா பாரம் குறையணும். அப்பா உன்னைத் தூக்கி நங்கநல்லூர்ல போடறார். இனிமே ஜென்மத்துக்கும் இந்த வார்த்தை மறக்காது."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சொன்ன உடனே நண்பர்கள் வருகிறார்களா என்று ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். இவனுக்கு இது ஒரு ஞாபகக் குறிப்பு, அவ்வளவுதான்.

"அடுத்தது என்ன? எப். எப்னா என்ன சீது?"

எப் என்றால் அலை வடிந்து பின்வாங்குவது. எதிரே கடல் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஈர மணல் அகலமாக, பளபளவென்று விரிந்துகொண்டே போயிற்று.

"எம்பறது" என்றாள் சீதா. "அலை எம்பி மேலே ஏறறது. எப், எம்பு. ஞாபகம் வெச்சுக்கோ."

"அட, பிரமாதம்!" என்றான் கிச்சா. "எப், எம்பு. எப், எம்பு."

சொல்லிவிட்ட பிறகு அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைத் திறந்து பார்ப்பான், முதுகில் ஒன்று வைப்பான் என்று காத்திருந்தாள். அவன் பார்க்கவில்லை. புத்தகம் அவன் பக்கத்திலேயே மணலில் கிடந்தது, காற்றில் பக்கங்கள் தாமாகப் புரண்டன. அவன் திறந்தே பார்க்கமாட்டான் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. சமைத்ததைத் தட்டில் போட்டால் ருசி பார்க்காமல் சாப்பிடுகிற மாதிரி, அவள் சொன்னதை அவன் அப்படியே வாங்கிக்கொள்வான். அக்கா, அம்மா, தட்டு, தண்ணீர் எல்லாம் அவனுக்கு அந்த வகை.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கிச்சா அந்த ஜெட்சம் கதையை அப்பாவிடம் சொன்னான். வேதாந்தம் சாத்தமுது சாதம் புரைக்கேறும்படி சிரித்தார். "பலே! வார்த்தையை வாழ்க்கையோட சேர்த்துப் படிக்கறான் பாரு, இப்படித்தான் படிக்கணும்." பரிமாறிக்கொண்டிருந்த சீதா அவருக்கு இன்னொரு கரண்டி சாத்தமுது விட்டாள்.

அதன்பிறகு அவள் முறையாக வேலை செய்தாள். எடுத்த எடுப்பில் எதிர்ப்பதங்கள் இரண்டையும் இடம் மாற்றிச் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. பிறகு அது உதவாது என்று புரிந்தது. பரீட்சையில் எதிர்ச்சொல்தான் அதிகம் கேட்பார்கள். இரண்டுமே தலைகீழாக இருந்தால் விடை சரியாக வந்து உட்கார்ந்துவிடும். அதனால் ஜோடியில் ஒன்றை மட்டும் பொய்யாக்கினாள். டர்பிட் என்றால் கலங்கிய தண்ணீர் என்று உண்மையே சொன்னாள். லிம்பிட் என்றால் தெளிந்தது, அதையும் கலங்கியது என்றாள். "லிம்ப்னா நொண்டறது. சேத்துல நொண்டி நொண்டிப் போற ஜலம்." பிராக்கிஷ் என்றால் உப்புக் கரிக்கும் தண்ணீர். "பிராக்குப் பாத்துண்டே குடிக்கலாம், அவ்வளவு நல்ல ஜலம்" என்றாள். ஃபவுண்டர் என்றால் கப்பலில் தண்ணீர் நிரம்பி அது அமுங்கிப்போவது. "ஃபவுண்ட் தெரியுமோல்லியோ? கப்பல் கரையைக் கண்டுபிடிச்சுடறது." மூர் என்றால் படகைக் கட்டுவது. அவிழ்த்துவிடுவது என்றாள்.

உண்மையான வார்த்தைக்கு ஞாபகக் குறிப்பு கண்டுபிடிப்பதைவிடப் பொய்க்குக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தாள். ஸ்கூட்டரில் போகும்போது அடையாறு நாற்றம்கூட உறைக்கவில்லை. தண்ணீர் தவிர மற்ற வார்த்தைகளையெல்லாம் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் தப்பாகப் போனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் ஒன்று. மற்றபடி அந்தக் கடல் முழுக்கத் தன் கையில் இருக்கிறது என்ற கர்வம்.

பரீட்சை நெருங்க நெருங்கக் கிச்சா மாறினான். நண்பர்களை விட்டான். பாடம் முடிந்ததும் அவளுக்கு எலுமிச்சம்பழம் தேய்த்த சோளம் வாங்கிக் கொடுத்தான். ஒருநாள் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்று, "நீ இல்லேன்னா நான் அம்போதான் சீது. அங்கே போய் செட்டில் ஆனதும் உனக்கு ஏதாவது பண்ணுவேன்" என்றான். அன்றிரவு சீதா சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஒரு பத்து நிமிஷம் போதும். 'டேய், இந்த ஒரு பக்கம் மட்டும் நான் குழப்பிட்டேன், புஸ்தகத்தைப் பாத்துத் திருத்திக்கோ' என்றால் முடிந்தது. பரீட்சைக்கு முதல்நாள் சொல்லலாம், அப்போது திட்டக்கூட அவனுக்கு நேரம் இருக்காது என்று வைத்துக்கொண்டாள்.

பரீட்சைக்கு முதல்நாள்தான் நங்கநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.

பிள்ளையின் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு சீதாவைப் பார்த்தாள். பாடச் சொன்னாள். பாடி முடித்ததும், "நன்னாத்தான் இருக்கா. போட்டோல கொஞ்சம் செவப்பாத் தெரிஞ்சது" என்றாள். ஹாலில் ஒரு சங்கடமான அமைதி. வேதாந்தம் தொண்டையைச் செருமினார். அந்த அமைதியை உடைத்துக் குடும்பத்தைக் காப்பாற்ற நினைத்தானோ என்னவோ, அறை வாசலில் சாய்ந்து நின்ற கிச்சா சொன்னான்:

"ஊர்ல ஜலக் கஷ்டம் மாமி. ரெண்டு நாளாத் தேய்ச்சுக் குளிக்கலை. ரெண்டு லாரி தண்ணி விட்டா நிறம் வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை சிரித்தான். பிள்ளையின் அம்மா கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். வேதாந்தம் நிம்மதியாகச் சிரித்தார். சீதா தரையில் கோலப்பொடி சிதறியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு விடியற்காலையில் இவர்கள் வருகிறார்கள் என்று கூடுதலாக ஆறு குடம் தூக்கியிருந்தாள். கிச்சா தலைக்குக் குளித்து வாசனையாக நின்றது அந்தத் தண்ணீரில்தான்.

வந்தவர்கள் போன பிறகு கிச்சா புத்தகத்தோடு வந்தான். "சீது, கடைசியா ஒரு தரம் கேட்டுடு. எங்கேர்ந்து வேணா கேளு."

"மூர்?"

"அவிழ்த்து விடறது."

"பிராக்கிஷ்?"

"நல்ல குடிதண்ணி."

"எல்லாம் சரி" என்றாள் சீதா. "போய்ப் படுத்துக்கோ."

மறுநாள் மத்தியானம் அவன் இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தான். "அம்மா, தண்ணியாக் கேட்டுட்டாம்மா! எப் வந்தது. லிம்பிட் வந்தது. ஃபவுண்டர் வந்தது. யோசிக்கவே இல்லே, பட் பட்டுனு போட்டேன்." சீதாவின் இரண்டு கைகளையும் பிடித்துச் சுற்றினான். அவள் சிரித்தாள். கோமளம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

மார்க் வந்தது. கணக்கில் ஏறக்குறைய முழுசு. வார்த்தைப் பகுதியில் எந்த நல்ல பல்கலைக்கழகமும் திரும்பிப் பார்க்காத எண். கிச்சா அதை மூன்று தடவை படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வேதாந்தம் சத்தம் போடவில்லை. அலுவலகத்தில் கீழ்நிலை குமாஸ்தாவின் தப்பைத் தேடும்போது போட்டுக்கொள்கிற முகத்தைப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியும் புத்தகமுமாகச் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். கிச்சாவை எதிரே நிற்கச் சொன்னார். இருபத்திரண்டு வயசுப் பையன் லுங்கியோடு நின்றான்.

கோபத்துக்கான வார்த்தைகள் கேட்டார், சொன்னான். கஞ்சத்தனம் கேட்டார், சொன்னான். பக்கங்களைப் புரட்டினார்.

"எப்?"

"அலை எம்பறதுப்பா."

வேதாந்தம் நிமிர்ந்தார். "என்னது?"

"எம்பறது. மேலே ஏறறது."

"லிம்பிட்?"

"கலங்கின ஜலம். சேத்துல நொண்டிண்டு…"

"ஃபவுண்டர்?"

"கப்பல் கரையைக் கண்டுபிடிக்கறது." அவன் குரல் இறங்கிவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனவன், பாதியில் நிறுத்தினான்.

"இதெல்லாம் எவன்டா சொன்னான் உனக்கு?"

கிச்சா மெதுவாகத் தலையைத் திருப்பினான். சீதா அடுக்களை நிலைப்படியில் நின்றிருந்தாள். அவன் பார்வை அவள் மேல் நின்றது, நகரவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது என்பதை அவள் பார்த்தாள்.

"சீது சொன்னா."

அடி விழும் என்றுதான் சீதா நினைத்தாள். அதற்குத் தயாராகவே இருந்தாள். பல நாள் அதை மனசுக்குள் நடத்திப் பார்த்து, அடி வாங்கிக்கொண்டே நிமிர்ந்து நிற்கிற தன்னை ரசித்தும் இருந்தாள். ஆனால் வேதாந்தம் எழுந்திருக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றினார். அவர் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"கோமளம், இங்கே வா! இவளை அமெரிக்கா அனுப்பணும்னு என் உயிரை எடுத்தியே, கேளு. எப்னா எம்பறதாம்! எப், எம்பு! நல்லவேளை. பெருமாள்தான் காப்பாத்தினார். இவளை அனுப்பியிருந்தா அங்கே மானம் போயிருக்கும்."

"எனக்குத் தெரியும்" என்றாள் சீதா.

"என்ன தெரியும்?"

"எல்லாம் சரியாத் தெரியும். தெரிஞ்சேதான் மாத்திச் சொல்லிக்குடுத்தேன்."

வேதாந்தம் மறுபடியும் சிரித்தார். "சமாளிக்காதே."

"எப்னா வடியறது. லிம்பிட்னா அடி தெரியற மாதிரி தெளிஞ்ச ஜலம். மூர்னா படகைக் கட்டறது, ஆங்கர்னா நங்கூரம் போடறது, டாக்னா துறைக்குள்ளே கொண்டுபோய் நிறுத்தறது. ஃபவுண்டர்னா ஜலம் ரொம்பி அமுங்கறது. கேப்சைஸ்னா கவுந்து போறது. ட்ரௌன்னா மூச்சு முட்டிச் சாகறது, அது மனுஷாளுக்கு, கப்பலுக்கு வராது…" அவள் குரல் கிறீச்சிட்டது. வித்தியாசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். வாழ்நாளிலேயே அவ்வளவு சரியாக, அவ்வளவு வேகமாக அவள் எதையும் சொன்னதில்லை.

வேதாந்தம் பொறுமையாகக் கேட்டார். "மார்க் வரப்போறதுன்னு பயந்து நேத்திக்கு உட்கார்ந்து மனப்பாடம் பண்ணிட்டே, இல்லையா? ஏண்டி, கூடப்பொறந்தவனுக்குத் தெரிஞ்சே எவளாவது தப்பாச் சொல்லிக்குடுப்பாளா? நம்மாத்துப் பொண்ணு அப்படிப் பண்ணுவாளா? தெரியலைன்னு ஒத்துக்கோயேன், என்ன குறைஞ்சுடும்?"

சீதா அம்மாவைப் பார்த்தாள். கோமளம் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"கிச்சா, நீ சொல்லு" என்றாள் சீதா. அழுகை வந்துவிட்டது. "உனக்குத் தெரியும். நான் வேணும்னுதான் பண்ணினேன்னு அப்பாகிட்டே சொல்லுடா."

கிச்சா அவள் பக்கம் திரும்பினான். அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அவளை அப்படிக் கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இல்லேப்பா" என்றான். "பாவம், அவளை ஒண்ணும் சொல்லாதேங்கோ. அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

கிச்சாவை தி. நகரில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்தார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் எழுதினான். நல்ல மார்க் வந்தது, ஒஹையோவில் இடமும் கிடைத்தது. சீதாவோடு அவன் சண்டை போடவில்லை. சாப்பிடும்போது தண்ணீர் கேட்டான், சட்டைக்குப் பட்டன் தைக்கக் கொடுத்தான், எல்லாம் பழையபடி. வார்த்தை மட்டும் எதுவும் கேட்கவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் எப்-எம்பு கதையை அவன்தான் எடுத்துக்கொடுப்பான், அப்பா விரித்துச் சொல்வார்.

நங்கநல்லூர் இடம் தட்டிப்போயிருந்தது. மேற்கு மாம்பலத்திலிருந்து சௌரிராஜன் வீட்டார் பெண் பார்க்க வந்தபோதும் அந்தக் கதையைச் சொன்னார்கள். சௌரிராஜன் ஆடிட்டர் ஒருவரிடம் வேலை பார்த்தான். அவனுடைய அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெஜத்தைச் சொல்லணும்னா, எம்.எஸ்ஸி.ங்கறாளே, ரொம்பப் படிச்ச பொண்ணோன்னு பயந்துண்டுதான் வந்தோம். இப்பத்தான் மனசு சமாதானமாச்சு" என்றார். அன்றே தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஆனி மாதம் கல்யாணம் நடந்தது.

ஆகஸ்டில் கிச்சா கிளம்பினான். பம்பாய் போய் அங்கிருந்து பெரிய விமானம். மத்தியானம் மீனம்பாக்கத்தில் இரண்டு குடும்பமும் கூடியிருந்தது. வேதாந்தம் சட்டைக்கு மேல் அங்கவஸ்திரம் போட்டிருந்தார். கிச்சா எல்லோரையும் வரிசையாகச் சேவித்தான். கடைசியில் சீதாவிடம் வந்தான். அவள் அவனைக் கொஞ்சம் தள்ளி, தூணுக்குப் பக்கத்தில் அழைத்துக்கொண்டு போனாள். பல நாளாக யோசித்து வைத்திருந்ததில் இரண்டே வாக்கியம்தான் வெளியே வந்தது.

"நான் பண்ணினது பாவம்டா. மன்னிச்சுடு."

கிச்சா சிரித்த முகத்தோடு அவள் தோளில் கை போட்டான். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்:

"அசடு! எதுக்கு மன்னிப்பு? உனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்லிக்குடுத்தே!"

சௌரிராஜன் முதலில் சிரித்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், அன்பாகத்தான். மாமனார், "நம்ம சீதாவுக்கு மனசு வெள்ளை" என்றார். கிச்சா பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போனான். திரும்பிக் கை காட்டினான், அப்பாவுக்கும் அம்மாவுக்கும்.

ஆட்டோ பார்க்க ஆண்கள் முன்னால் போனார்கள். கோமளம் மகளுக்குப் பக்கத்தில் நடந்தாள். முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

"நீ தெரிஞ்சேதான் பண்ணினேன்னு எனக்குத் தெரியும்."

சீதா நின்றுவிட்டாள்.

"ஒரு வருஷம் என் காதுகிட்ட நின்னுண்டு கத்தினியே, எனக்குத் தெரியாதா? எப்னா வடியறது. இப்பக்கூடச் சொல்லுவேன்."

"அப்ப ஏம்மா அன்னிக்கு வாயைத் திறக்கலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எல்லாரும் சிரிச்சாளே!"

"சிரிக்கட்டும்." கோமளம் அவள் புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துச் சரிசெய்தாள். மாமியார் பார்க்கிறாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அசடுன்னு சொன்னதுக்குச் சிரிச்சிண்டே கல்யாணம் பண்ணிண்டுட்டா. துஷ்டைன்னு சொல்லியிருந்தா நம்மாத்து வாசப்படி ஏறியிருப்பாளா? யாரும் நம்பலையேன்னு சந்தோஷப்படு. இனிமேயும் எங்கேயும் சொல்லிண்டு திரியாதே."

ஆட்டோ வந்து நின்றது. "இன்னா சார், மாம்பலமா மைலாப்பூரா? சீக்கிரம் ஏறு, போலீஸ்காரன் பாத்துக்கினு கீறான்" என்றான் டிரைவர். சௌரிராஜன் ஏறி, நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டான். கோமளம் அடுத்த ஆட்டோவைப் பார்த்து நடந்தாள்.

கத்திப்பாராவைத் தாண்டும்போது சௌரிராஜன் கேட்டான். "அம்மா என்னமோ ரகசியமாச் சொல்லிண்டு வந்தாளே, என்ன?"

"ஒண்ணும் இல்லே" என்றாள் சீதா. "சந்தோஷமா இருக்கச் சொன்னா."